ஏற்றத்தை மட்டும் பார்த்து வாங்கிய சைக்கிள்

மட்டாஞ்சேரியில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு ஏற்றம் என்றால் தோப்பும்படி பாலம். இறக்கம் என்றால் அதே பாலத்தின் அந்தப் பக்கம். இதைத் தவிர ஊரில் மேடு என்று சொல்ல ஒன்றும் கிடையாது. தோசைக்கல் மாதிரித் தட்டையான ஊர். அப்படிப்பட்ட ஊர்க்காரி நான், முப்பத்தோரு வயதில், மலையேறும் சைக்கிள் வாங்கியே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது சிரிக்கவில்லை. சாப்பாடு இறங்காத அளவுக்கு ஆசைப்பட்டேன்.

எனக்கு வெலிங்டன் தீவில் வேலை. கப்பல் சரக்கு அனுப்பும் ஓர் ஏஜென்சி ஆபீசில் சரக்குச் சீட்டு அடிக்க வேண்டும். தொண்ணூறுகளின் கடைசியில் சேர்ந்த நாளிலிருந்து படகில்தான் போய்வந்தேன். படகு என்றால் சும்மா இல்லை. அது வரும்போது நான் இருக்க மாட்டேன், நான் இருக்கும்போது அது வராது. ஒரு மழைக்காலத்தில் படகைப் பிடிக்க ஓடி, படகுத்துறை ஜெட்டிப் படியில் பாசி வழுக்கி, வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டேன். ஆறு வாரம் மாவுக்கட்டு. அந்த ஆறு வாரமும் வீட்டில் சமையல் என் வீட்டுக்காரர். தினமும் கப்பை, அதாவது மரவள்ளிக் கிழங்கு. காலையில் அவித்த கப்பை, ராத்திரி அதே கப்பையைத் தாளித்து. ஏழாவது வாரம் நான் கரண்டியைப் பிடித்தபோது என்னைவிட அவர்தான் அதிகம் சந்தோஷப்பட்டார்.

அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மாநகராட்சியின் குப்பை லாரிகள் நிற்கும் பட்டறையில் அவருக்கு வேலை. மெக்கானிக் இல்லை. லாரியைக் கழுவுவது, கிரீஸ் அடிப்பது, எண்ணெய் போடுவது. உப்புக் காற்று அடிக்கிற ஊரில் இரும்பைக் காப்பாற்றும் வேலை என்று அவரே பெருமையாகச் சொல்வார். வீட்டில் அரிவாள்மணை, கதவுக் கீல், ஜன்னல் கம்பி எதுவும் அவருடைய எண்ணெய்த் துணிக்குத் தப்பாது. பேச்சு குறைவு, கோபம் அதைவிடக் குறைவு. இரண்டையும் சேர்த்து எனக்குக் கொடுத்துவிட்டான் கடவுள்.

சைக்கிள் பைத்தியம் எனக்கு ஆபீசில்தான் பிடித்தது. பக்கத்து மேஜையில் இருந்தவள் களமசேரிக்காரி, என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள். ஒரு திங்கட்கிழமை அவள் ஒரு போட்டோவைக் கொண்டுவந்து காட்டினாள். அங்கமாலிக்கு அப்பால் ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே ஒரு செம்மண் பாதை. அதில் அவளும் அவள் அண்ணனும் இன்னும் மூன்று பேரும் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். தலையிலிருந்து கால்வரை செம்மண். பல் மட்டும்தான் வெள்ளை. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. இதற்கு முன்னால் யாருடைய நகையையோ புடவையையோ பார்த்து நான் அப்படிப் பொறாமைப்பட்டதில்லை. உண்மையாகவே இல்லை.

வீட்டில் கெட்டிக்காரத்தனமாகத்தான் ஆரம்பித்தேன். படகைப் பற்றிக் குறை சொன்னேன். ஜெட்டிப் படியைப் பற்றிச் சொன்னேன். பாலம் வழியாகச் சைக்கிளில் போனால் அரை மணி நேரம்கூட ஆகாது என்றேன். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் என் வாய் இருக்கிறதே, அது எதையும் வைத்துக்கொள்ளாது. மூன்றாம் நாள் சோறு போடும்போதே மலையைப் பற்றியும் ரப்பர்த் தோட்டத்தைப் பற்றியும் உளறிக் கொட்டிவிட்டேன்.

அவர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். ஆபீசுக்குப் போவதற்குச் சைக்கிள் சரி என்றார். மலைக்கும் வேண்டாமென்று சொல்லவில்லை என்றார். அப்புறம் என் மணிக்கட்டைப் பார்த்தபடி சொன்னார்.

“ஒரே ஒரு பேச்சு. ஒரு தடவை விழுந்தா வண்டியை வித்துடணும். அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில இன்னொரு தடவை என்னால உக்கார முடியாது.”

நான் உடனே சரி என்றேன். அந்த நேரத்தில் அவர் என்ன கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

அடுத்த சனிக்கிழமை எர்ணாகுளத்துக்குப் போனோம். பக்கத்து மேஜைக்காரி ஒரு பாழான சரக்குச் சீட்டின் முதுகில் பட்டியல் எழுதிக் கொடுத்திருந்தாள். பார் கம்பிக்கு மேல் காலை அகட்டி நின்றால் கம்பிக்கும் உடம்புக்கும் நடுவில் நாலு விரல் இடம் வேண்டும். ஒற்றைக் கையில் தூக்க முடிய வேண்டும். இருப்பதிலேயே சின்னக் கியரில் போட்டால் பெடல் பஞ்சுபோலச் சுற்ற வேண்டும். டயர் ரொம்பப் பல்லாக இருந்தால் தார் ரோட்டில் இழுக்கும், பல்லே இல்லாவிட்டால் மண்ணில் வழுக்கும், நடுத்தரமாகப் பார். பட்டியலின் கடைசியில் ‘பிரேக்’ என்று ஒரே ஒரு வார்த்தை. அவ்வளவு நல்ல பட்டியல். நான் அதைப் பஸ்ஸில் போகும்போதே மனப்பாடம் செய்துவிட்டேன்.

கடைக்குள் நுழைந்ததும் எனக்கு மூச்சு முட்டியது. கூரையிலிருந்து தொங்கும் சைக்கிள்கள், சுவரில் மாட்டிய சைக்கிள்கள், புது ரப்பர் வாசனை. கடைச் சேட்டன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு நேரே ஒரு ரோஸ் நிற வண்டியை உருட்டிக்கொண்டு வந்தார். முன்னால் கூடை, வளைந்த கம்பி, பாவாடை மாட்டாமல் இருக்கப் பின்சக்கரத்தில் வலை. லேடீசுக்கு இதுதான் நல்லது, காய்கறி வாங்கலாம் என்றார். எனக்குச் சுருக்கென்றது. காய்கறிக்கு எங்கள் வீட்டில் பை இருக்கிறது, எனக்கு மலையேற வண்டி வேண்டும் என்று மலையாளத்திலேயே கொஞ்சம் உரக்கச் சொன்னேன். கடையில் இருந்த நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் ஒரு டயரை ஆராய்வதுபோல் குனிந்துகொண்டார்.

அப்புறம் அவருடைய முறை. மூலையில் ஒரு சிவப்பு வண்டி நின்றது. முன்னால் இரண்டு ஷாக், சீட்டுக்கு அடியில் என் கை மொத்தத்துக்கு ஒரு ஸ்பிரிங். அதைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. லாரியோடு குப்பை கொட்டுகிற மனிதர் இல்லையா, ஸ்பிரிங் என்றால் உயிர். சீட்டை அமுக்கிப் பார்த்தார். அது இறங்கி ஏறியது. மறுபடி அமுக்கினார். எத்தனை கிலோ தாங்கும் என்று கேட்டார். கேரியர் வைத்தால் கேஸ் சிலிண்டர் கொண்டுவரலாமா என்று கேட்டார். கடைச் சேட்டன் தாராளமாகக் கொண்டுவரலாம் என்று சொல்லும்போதே நான் வண்டியை வெளியே எடுத்துவிட்டேன்.

கடைக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் ஓட்டினேன். நான் மிதிக்கிறேன், வண்டி குதிக்கிறது, ஆனால் முன்னால் போக மாட்டேன் என்கிறது. என் பலமெல்லாம் அந்த ஸ்பிரிங்குக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. நூறடி போவதற்குள் வியர்த்துவிட்டது. ஒற்றைக் கையில் தூக்கிப் பார்த்தேன், தூக்கவே முடியவில்லை. இதில் மலையேறினால் நான் வண்டியைச் சுமக்க வேண்டியதுதான் என்று திருப்பிக் கொண்டுவந்து நிறுத்தினேன். அவர் அந்தச் சீட்டைக் கடைசியாக ஒரு தடவை அமுக்கிவிட்டு மனசில்லாமல் நகர்ந்தார்.

மூன்றாவது வண்டி கடைக்குள்ளே இல்லை. வாசலுக்குப் பக்கத்தில், சாக்குக் கட்டுகளுக்குப் பின்னால், யாரும் கேட்காமல் நின்றது. சாம்பல் நிறம். மட்கார்டு இல்லை, ஸ்டாண்ட் இல்லை, பெல்கூட இல்லை. முன்னால் மட்டும் ஷாக். இருபத்தொரு கியர். சின்ன ஆளுக்கான பிரேம் என்பதால் யாரும் எடுக்கவில்லை என்றார் கடைச் சேட்டன். நான் காலைப் போட்டு நின்றேன். நாலு விரல் இடம், அளந்து வைத்தாற்போல். தூக்கினேன். தூக்க முடிந்தது! சந்துக்குள் ஏறி மிதித்தேன். அட, என்னவென்று சொல்ல. மிதித்த மிதி அப்படியே சக்கரத்துக்குப் போனது. சின்னக் கியரில் போட்டால் பெடல் காற்றில் சுற்றுவதுபோல் சுற்றியது. சந்தின் கோடியில் கான்கிரீட் சரிவு ஒன்று இருந்தது. அதில் நேராக ஏறினேன். உட்கார்ந்தபடியே ஏறினேன். மேலே போய் நின்று எனக்கு நானே உரக்கச் சிரித்தேன், அங்கே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா என்னை விசித்திரமாகப் பார்த்தாள்.

பட்டியலின் கடைசி வார்த்தை ஞாபகம் வந்தது. பிரேக் லிவரை ஒரு தடவை அமுக்கினேன். அமுங்கியது. அத்தோடு அந்த வேலை முடிந்தது. எங்கள் ஊரில் பிரேக் என்பது கால்தான். பஜாரில் மிளகு மூட்டை வண்டிக்கும் ஆட்டோவுக்கும் நடுவில் உருட்டிக்கொண்டு போவோம், நிற்க வேண்டுமென்றால் செருப்பைத் தரையில் ஊன்றுவோம். அதனால் ஏறுவதற்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையும் பார்த்து வாங்கினேன். ஏறியவள் இறங்கியாக வேண்டும் என்பது என் புத்தியிலேயே இல்லை.

வாங்கிய பிறகு ஒரு சண்டை. அவருக்குக் கேரியர் வேண்டும், மட்கார்டு வேண்டும், ஸ்டாண்ட் வேண்டும், பெல் வேண்டும். எனக்கு எதுவும் வேண்டாம், போட்டோவில் இருந்தவர்களின் வண்டியில் எதுவும் இல்லை. மழையில் ஆபீசுக்குப் போனால் முதுகில் சேறு அடிக்குமே என்றார். அது நியாயம். கடைசியில் பெல்லும் மட்கார்டும் நிரந்தரம், கேரியர் மட்டும் இரண்டே போல்ட்டில் கழற்றுகிற மாதிரி என்று ராஜியானோம். வாரநாளில் சாப்பாட்டுப் பை, ஞாயிற்றுக்கிழமை மொட்டை வண்டி.

அந்த இரண்டு மாதத்தை என்னவென்று சொல்வது! காலையில் பஜாரைத் தாண்டி, சுக்கும் மிளகும் காய்கிற வாசனையைத் தாண்டி, தோப்பும்படிப் பாலத்தின் அடிக்கு வந்ததும் கியரைக் குறைப்பேன். பக்கத்தில் ஆண்பிள்ளைகள் எல்லாம் பெரிய சைக்கிளில் எழுந்து நின்று மிதித்துத் திணறுவார்கள். நான் உட்கார்ந்தபடி, ராணி மாதிரி, அவர்களைத் தாண்டிப் போவேன். பெல் அடித்துவிட்டுத்தான் தாண்டுவேன், அதில் ஒரு அல்ப சந்தோஷம். பாலத்தின் உச்சியில் உப்புக் காற்று முகத்தில் அடிக்கும். அந்தப் பக்கம் இறங்கும்போதுகூட எப்போதும் லாரிகளின் பின்னால் மெதுவாகத்தான் இறங்க முடியும். ஆபீசுக்கு ஒரு நாளும் தாமதமில்லை. ஜெட்டியில் எனக்குத் தெரிந்தவர்கள், எங்கே ஆளையே காணோம் என்று என் வீட்டுக்காரரிடம் விசாரித்தார்களாம்.

பக்கத்து மேஜைக்காரி நாள் குறித்தாள். விஜயதசமி. எல்லாருக்கும் லீவு, புதிதாக எதையும் தொடங்க நல்ல நாள், சின்னப் பிள்ளைகளுக்கு அன்றுதானே எழுத்து ஆரம்பிப்பார்கள், சேச்சிக்கு மலை ஆரம்பிப்போம் என்றாள். அவள் அண்ணனுடைய மினி லாரி காலையில் வந்து என்னையும் வண்டியையும் ஏற்றிக்கொள்ளும். நான் ஒரு வாரம் தூங்கவில்லை.

அதற்கு முந்தின நாள் ஆயுத பூஜை. எங்கள் ஆட்களுக்கு அன்றைக்குச் செய்கிற வேலை வருஷத்தில் வேறு எந்த நாளும் கிடையாது. அவருடைய பட்டறையில் குப்பை லாரிகளையெல்லாம் கழுவி, துடைத்து, எண்ணெய்த் துணியால் பளபளவென்று தேய்த்து, வாழைக்கன்று கட்டி, கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிறுத்திவிடுவார்கள். அது முடிந்து மத்தியானம் வீட்டுக்கு வந்தவர் சாப்பிடக்கூட உட்காரவில்லை. நாளைக்கு மலைக்குப் போகிற வண்டி இல்லையா, ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று வாசலில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டார்.

இரண்டு மணி நேரம் செய்தார். செயினை மண்ணெண்ணெயில் கழுவினார். ஒவ்வொரு ஸ்போக் கம்பியாகத் துடைத்தார். அப்புறம் பஞ்சில் தேங்காயெண்ணெய் தோய்த்து, வண்டி முழுவதும், கம்பி, ரிம், எல்லாவற்றிலும் தேய்த்தார். சக்கரத்தைச் சுழற்றிவிட்டுப் பஞ்சை ரிம்மில் வைத்துப் பிடித்தார். அது கண்ணாடி மாதிரி மின்னியது. நான் முறத்தில் பொரியை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்று ரசித்தேன். ரசித்ததோடு விடவில்லை. “இந்தப் பக்கம் விட்டுட்டீங்க” என்று விரலை வைத்துக் காட்டினேன். அவர் அந்தப் பக்கமும் தேய்த்தார்.

லாரிக்குப் பிரேக் சக்கரத்துக்கு உள்ளே மூடியிருக்கிறது. வெளியே எவ்வளவு எண்ணெய் தேய்த்தாலும் ஒன்றும் ஆகாது. இந்தச் சைக்கிளுக்கோ பிரேக் கட்டை பிடிக்கிற இடமே ரிம்தான். இது அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. சந்தனம் வைத்தோம், குங்குமம் வைத்தோம், ஹேண்டிலில் செவ்வந்திப் பூச் சுற்றினோம். பூஜைக்கு வைத்த வண்டியை மறுநாள் காலை பூஜை பிரிக்கும்வரை தொடக்கூடாது. நாங்களும் தொடவில்லை. காலையில் கற்பூரம் காட்டியதும் மினி லாரி வந்து நின்றது. அவரே வண்டியைத் தூக்கி ஏற்றிவிட்டார். ஒரு அடிகூட நான் ஓட்டிப் பார்க்கவில்லை.

அந்த ஏற்றத்தைப் பற்றி மட்டும் நான் ஒரு புத்தகம் எழுதலாம். செம்மண் பாதை, இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள், ஒவ்வொரு மரத்திலும் பால் பிடிக்கிற தேங்காய்ச் சிரட்டை. எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது, தொடை எரிந்தது, வாய் காய்ந்தது, ஆனால் நான் காலை ஊன்றவில்லை. பக்கத்து மேஜைக்காரியின் அண்ணனோடு வந்த ஒருவர் பாதியில் இறங்கித் தள்ளினார். நான் இறங்கவில்லை. சின்னக் கியரில் பெடலைச் சுற்றிக்கொண்டே, என்னை நானே திட்டிக்கொண்டே, வேரையும் கல்லையும் தாண்டி உச்சிக்குப் போய்ச் சேர்ந்தேன். உச்சியில் ஒரு பாறை. அதில் மல்லாந்து விழுந்தேன். மேலே ஆகாசம், கீழே தூரத்தில் வயலும் ஒரு தேவாலயக் கோபுரமும். அழுகை வந்தது. அழுதேன். பக்கத்து மேஜைக்காரி “அடிபொளி சேச்சி” என்று முதுகில் தட்டினாள்.

சாயா குடித்துவிட்டு இறங்க ஆரம்பித்தோம்.

முதல் வளைவில் வேகம் கூடியது. நன்றாக இருந்தது. ஐயோ, எவ்வளவு நன்றாக இருந்தது. மரங்கள் பின்னால் ஓடின, சுடிதார்த் துப்பட்டாவை இடுப்பில் கட்டியிருந்தும் படபடவென்று அடித்தது, நான் வாயைத் திறந்து கத்தினேன், சந்தோஷத்தில்தான். இரண்டாவது வளைவுக்கு முன்னால் பிரேக்கைப் பிடித்தேன். லிவர் கெட்டியாகப் பிடித்தது. வண்டி நிற்கவில்லை. மறுபடி, இரண்டு கையாலும், உயிரைக் கொடுத்துப் பிடித்தேன். சக்கரம் கட்டைகளுக்கு நடுவில் வெண்ணெய் மாதிரி நழுவிக்கொண்டு போனது. பழக்கதோஷத்தில் செருப்பை ஊன்றினேன். செருப்பு பிய்த்துக்கொண்டு போய்விட்டது.

வளைவில் ஒருவிதமாகத் திரும்பினேன். அடுத்த வளைவில் திரும்ப முடியாது என்று தெரிந்தது. இடது பக்கம் இளம் ரப்பர்க் கன்றுகளுக்கு நடுவே அன்னாசி போட்டிருந்தார்கள். வலது பக்கம் பள்ளம். நான் அன்னாசியைத் தேர்ந்தெடுத்தேன். அன்னாசி இலையின் ஓரத்தில் எத்தனை முள் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். கை, கழுத்து, கன்னம், எங்கும் கீறல். முழங்கையில் தோல் உரிந்து ரத்தம். ஹேண்டில் ஒரு பக்கமாகத் திரும்பிக் கிடந்தது.

எல்லாரும் ஓடிவந்தார்கள். எலும்பு எதுவும் முறியவில்லை என்று தெரிந்ததும் பக்கத்து மேஜைக்காரியின் அண்ணன் சக்கரத்தைப் பார்த்தார். ரிம்மில் விரலை வைத்துத் தேய்த்தார், முகர்ந்தார். தேங்காயெண்ணெய், சேச்சி, தலைக்குத் தேய்ப்பது என்றார். யாரோ சிரித்தார்கள். சிரித்தவனை நான் பார்த்த பார்வையில் அவன் சிரிப்பு நின்றது. சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவ வேண்டும், கட்டையை மாற்ற வேண்டும், அதுவரை யாரும் ஓட்டக்கூடாது என்றார் அவர்.

திரும்பி வரும்போது மினி லாரியில் வழி முழுவதும் சண்டைக்கு வசனம் தயார் செய்தேன். உங்கள் எண்ணெயில் கொள்ளி வைக்க, என்னைக் கொல்லப் பார்த்தீர்களா, இதுக்கு எந்த ஊரில் பேரு பூஜை? இடப்பள்ளி வரும்போது வசனம் முழுசாகத் தயார். அதற்குமேல் என்னவோ, முறத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற நானும் என் விரலும் கண்ணுக்கு முன்னால் வந்தன. இந்தப் பக்கம் விட்டுட்டீங்க என்று சொன்னவள் யார்? என் கோபம் பாதி இறங்கிவிட்டது.

மீதிப் பாதியை அவர் இறக்கினார். லாரி தெருவுக்குள் திரும்பும்போதே வாசலில் நின்றுகொண்டிருந்தார். நான் இறங்குவதற்குள், முகம் நிறைய ஆசையோடு கேட்டார். “எப்படிப் போச்சு? வழுக்கிட்டுப் போச்சா?”

நான் இறங்கி நின்றேன். அவர் என் கழுத்தையும் கன்னத்தையும் முழங்கையையும் பார்த்தார். அந்த முகம் அப்படியே விழுந்துவிட்டது. உள்ளே போய்ப் பக்கெட்டில் வெந்நீர் கொண்டுவந்து என் கையைக் கழுவிவிட்டார். எப்படி ஆச்சு என்று மட்டும் கேட்டார். இரண்டு மணி நேரம் கவிழ்ந்து உட்கார்ந்து ஒவ்வொரு கம்பியாகத் துடைத்த மனிதரிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக என் வாய் ஒன்றை வைத்துக்கொண்டது. சரளைக்கல், கவனிக்கவில்லை, என் தப்புதான் என்றேன்.

“பேசின பேச்சு பேச்சுதான்” என்றார் அவர், தலை நிமிராமல்.

நான் மறுக்கவில்லை. படுக்கையில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து, அந்தச் சாம்பல் வண்டிக்காக ஓசையில்லாமல் அழுதேன். உண்மையைச் சொன்னால் வண்டி என்னுடையது. சொல்லாவிட்டால் அவர் மனசு தப்பிக்கும். நான் அவரைத் தேர்ந்தெடுத்தேன் என்று என்னைப் பற்றி எனக்கே பெருமையாக இருந்தது, அதையும் மறைக்கப் போவதில்லை.

மறுநாள் கட்டுப் போட்ட கையோடு படகில் ஆபீசுக்குப் போனேன். சாயங்காலம் வந்து ரிம்மைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடலாம், விற்கிறவரை அப்படியே நிற்கட்டும் என்று நினைத்திருந்தேன். சாயங்காலம் வந்தால் வாசலில் வண்டி இல்லை. எதிர்வீட்டில் கேட்டேன். உன் வீட்டுக்காரர் அரை நாள் லீவு போட்டு வந்து, ஹேண்டிலை நிமிர்த்தி, எர்ணாகுளம் கடையில் விற்றுவிட்டு வருகிறேன் என்று ஓட்டிக்கொண்டு போனார் என்றார்கள்.

ஓட்டிக்கொண்டு. பாலம். பாலத்தின் அந்தப் பக்கம். பையைப் போட்டுவிட்டு ஓடினேன். பஜார் முழுவதும் ஓடினேன். ஜனங்கள் என்ன என்ன என்று கேட்டார்கள், நான் யாருக்கும் பதில் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம், ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று ஓடுகிற ஒவ்வொரு அடிக்கும் என்னை நானே அடித்துக்கொண்டேன். அவருக்கு ஏதாவது ஆகியிருந்தால் அதைச் செய்தது எண்ணெய் இல்லை, நான்.

தோப்பும்படிக்கு இந்தப் பக்கத்திலேயே அவரைப் பார்த்தேன். வண்டியைத் தள்ளிக்கொண்டு நொண்டி நொண்டி வந்தார். ஒரு முழங்காலில் வேட்டி கிழிந்து ரத்தம். சட்டையெல்லாம் மீன் செதில். பத்தடி தூரத்திலேயே மத்தி நாற்றம். பாலத்தின் அந்தப் பக்கம் இறங்கும்போது பிரேக் பிடிக்காமல், கீழே மீன் விற்கிற சேச்சியின் கூடையில் போய் மோதியிருக்கிறார். நான் அவர் கையை, தலையை, முதுகைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். முழுசாக இருந்தார். நடுரோட்டில் நின்று ஓவென்று அழுதுவிட்டேன்.

அவர் வலது கையை நீட்டினார். விரலில் எண்ணெய் மினுங்கியது. ரிம்மைத் தொட்டுப் பார்த்திருக்கிறார்.

“நீ ஏன் சொல்லல?”

நீங்க வருத்தப்படுவீங்கன்னுதான் என்றேன். அந்தப் பக்கம் விட்டுட்டீங்கன்னு காட்டினவளே நான்தானே என்றேன். அவர் விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். பஸ்ஸும் ஆட்டோவும் எங்களைத் திட்டிக்கொண்டு விலகிப் போயின.

“எண்ணெய் போட்டது என் முட்டாள்தனம். சொல்லாம வெச்சது உன் முட்டாள்தனம். இதுல ஒரு தப்பும் பண்ணாதது இந்த வண்டி ஒண்ணுதான். அதைப் போய் விக்கிறதா?”

சொல்லிவிட்டு வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பினார். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஹேண்டிலின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச தூரம் நடந்தோம். ஆனால் எனக்கு ஒன்றைத் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. முப்பது வருஷமாக இந்தத் தட்டை ஊரில் காலை ஊன்றி ஊன்றியே சைக்கிள் ஓட்டிய மனிதர். பிரேக் இல்லாமல் பாலத்தில் இறங்கியபோது எப்படி இருந்தது என்று கேட்டேன்.

அவர் முதலில் முறைத்தார். அப்புறம் முன்னாலும் பின்னாலும் யாராவது கேட்கிறார்களா என்று பார்த்துவிட்டு, மெல்லிய குரலில் சொன்னார்.

“மீன் கூடை வர்ற வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு.”